எங்களுக்கு வந்த தண்ணீர் வசனம்

என் மகள் போனை எடுக்கவில்லை என்றால் மூன்றாவது மணி அடிப்பதற்குள் அவள் ஆஸ்பத்திரியில் கிடப்பாள். ஐந்தாவது மணியில், அவளுடைய அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருப்பேன். ஏழாவது மணியில் அவள் எடுத்து, "எம்மா, குளிச்சிட்டிருந்தேன்" என்பாள். அப்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னை இந்தப் பாடு படுத்திவிட்டு மகாராணி குளித்துக்கொண்டிருந்தாளாம்!

இப்படியொரு மூளையை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதுவரை வந்து சேர்ந்துவிட்டேன். வேலையிடத்தில் என்னைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். வருகிற ரத்தத்தை மிஷினில் ஓட்டி, சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற வேலை. பயமுறுத்துகிற எண் ஒன்று வந்தால் அங்கே யாரும் பதறக் கூடாது. முதலில் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ரிப்பீட் என்று பேர். ரிப்பீட் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் புத்தியையும் சேர்த்துக் கழற்றிவிடுவேன் போலிருக்கிறது.

அப்படிக் கழற்றிவிட்டு இந்த வருடத் தொடக்கத்தில் நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் சபையில் புதுவருட ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவராக எழுந்து முன்னால் போவோம். அங்கே ஒரு தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று. திருப்பினால் ஒரு வேதவசனம் இருக்கும். அந்த வருடத்துக்கு அந்த வீட்டுக்கான வாக்குத்தத்தம் அது. வாசலில் செருப்புத் தேடும்போதே விசாரணை தொடங்கிவிடும். "ஒங்களுக்கு என்ன வசனம் கிடைச்சு?" பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைக்கு ஜாதகம் பார்க்கப் போனால் எங்களுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் அதையெல்லாம் நம்பாதவர்கள். அட்டையை மட்டும் பிரிட்ஜின் மேல் ஒட்டிவைத்து, வருடம் முழுக்கக் கள்ளக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்போம். வீடு கட்டுவதைப் பற்றிய வசனம் வந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பியது. அதை நான் இதுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

இந்த முறை அட்டையை எடுத்தது என் கணவர். தக்கலையில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நிற்கிறார். தலையணையைக் கண்டால் உறங்கிவிடுகிற நிம்மதியான பிறவி. அட்டையைப் பார்த்தார், "கொள்ளாம், நல்ல வசனம்" என்று என்னிடம் நீட்டினார். தண்ணீரைக் கடந்து போகும்போதும், ஆறுகளின் நடுவே போகும்போதும் உன்னோடு இருப்பேன் என்ற பொருள் வருகிற வசனம். ஆறுதலான வசனம்தான். பல வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஆனால் என் கண் 'தண்ணீர்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

பத்து நாள் கழித்து மகள் வேலையிலிருந்து வந்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். அவள் நாகர்கோவிலில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மூன்று வருடமாக வெளிநாட்டுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாள். நான் துபாய், குவைத் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: "கப்பல்ல, அம்மா. பயணிகள் கப்பல். உள்ளேயே ஆஸ்பத்திரி உண்டு. வீடியோவில இன்டர்வியூ பாஸாயிட்டேன். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொண்டு கொச்சிக்கு வரச் சொல்லிருக்கு. அன்னைக்குப் போகலேன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க."

அவர், "ஆஹா, எனக்க மொவ கப்பலேறப் போறா" என்று எழுந்து நின்று கை கொடுத்தார். நான் பிரிட்ஜைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே தண்ணீராகிவிட்டது. மறுநாள் சமையலறைக் குழாய் உடைந்து கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. மீன் கொண்டுவரும் அம்மா, "கடலு சரியில்ல கேட்டியளா" என்றாள். அவள் வாரத்தில் நான்கு நாள் அதைத்தான் சொல்வாள், மீனுக்கு விலை ஏற்றுவதற்கு. அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. எங்கோ ஒரு கப்பல் சாய்ந்து கிடக்கிற வீடியோவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, நான் அதை நான்கு முறை பார்த்தேன். பார்த்த பாவத்துக்கு, இன்னொரு பக்கம் திறந்தால் அங்கேயும் போன் எனக்குக் கப்பலாகக் காட்டத் தொடங்கியது. அதில் ஒன்றுகூட ஒழுங்காக மிதக்கவில்லை. ஆறு வயதில் மகள் குளத்துப் படியில் வழுக்கியதும் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு முட்டியில் சிராய்ப்புதான். ஆனால் இப்போது நினைக்கும்போது அவள் முங்கிக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். படுத்தால் உறக்கம் வராது. பக்கத்தில் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கல்லுப் போலக் கிடப்பார். ஒரு அட்டையைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாத மனிதன், எடுத்துவிட்டு எப்படித்தான் உறங்குகிறாரோ என்று எரிச்சலாக வரும்.

அந்தச் சனிக்கிழமை மகள் கேட்டாள். "எம்மா, எனக்க நர்சிங் பதிவு சர்டிபிகேட் உங்க பீரோவிலதானே இருக்கு?"

"பாக்கணும் மக்ளே. எங்க வச்சேன்னு தெரியல்ல" என்றேன்.

தெரியும். சிவப்பு பைலில் இருந்தது. அவள் குளிக்கப் போனதும் அதை உருவி என் பச்சைப் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன். திருடுகிறவளுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தக் காகிதம் இல்லாமல் அவள் கொச்சிக்குப் போய் ஒரு பிரயோசனமும் கிடையாது. வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் கப்பலும் கிடையாது. ஆறு நாள் மட்டும் பொறுத்தால் என் பிள்ளை எனக்கு. நான் நினைத்தது அவ்வளவுதான். அவள் திங்கள்கிழமை கேட்டாள், செவ்வாய்க்கிழமை கேட்டாள். புதன்கிழமை கேட்கவில்லை. கேட்காதது எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

அந்தப் புதன்கிழமைதான் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவருடைய ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் எகிறிக் கிடந்தது. அந்த எண் உண்மையென்றால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும். என்னோடு வேலை பார்க்கிறவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்காரி. என் வயதுதான், எனக்குத் தோழி.

"வை போனை. ரிப்பீட் போட்டியா?" என்றேன்.

"போட்டேன். அதே நம்பர்தான் வருது."

நான் ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய தெளிநீர் ரோஜா நிறத்தில் இருந்தது. ஊசி குத்தி அவசரமாக இழுத்தால் ரத்தம் உள்ளேயே உடைந்துபோகும். உடைந்த ரத்தம் பொட்டாசியத்தைக் கூட்டித்தான் காட்டும். "கெட்டுப்போன ரத்தத்தை எத்தனை வாட்டி ஓட்டினாலும் ஒரே நம்பர்தானே வரும்? போய் புது ரத்தம் எடுத்துட்டு வா" என்று அதட்டினேன்.

புது ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருந்தது. பெரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேரனைத் தோசைக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன வார்த்தை எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஒரே பயத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறேன். ஒரே எண் வருகிறது. ஒரே எண் வருவதால் அது உண்மை என்று நம்புகிறேன். தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சேலைக்கு அடியில் இருக்கும் காகிதம் வரைக்கும்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, திட்டினாள். "ஏட்டி, எனக்க அண்ணன்மாரு மூணு பேரும் காலத்த எந்திரிச்சா தண்ணியிலதான் கெடக்கானுவ. எனக்குப் பயமில்லேன்னு நெனச்சியா? தெனமும் பயந்தான். அதுக்கு வேண்டி நான் வள்ளத்துக்க எஞ்சினை ஒளிச்சு வைக்கல்ல."

அன்று மாலை பேருந்தில், பார்வதிபுரம் தாண்டும்வரை எனக்கு அவள்மேல் கோபம். அதற்குப் பிறகு கோபம் என்மேல் திரும்பியது. புது ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் என் தலைக்கு வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது எல்லாம் உடைந்த ரத்தம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருந்த முந்தைய வருட அட்டைகளை எடுத்தேன். பதினான்கு இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்து, அந்த வருடம் என்ன நடந்தது என்று யோசித்தேன். மாடி எழும்பிய வருடம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. மீதிப் பதின்மூன்றில் பதினொன்றுக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நல்ல விளைச்சலைப் பற்றிய வசனம் வந்திருந்த வருடம் எங்கள் வீட்டு முருங்கை பட்டுப்போனது. ஆயுசு நாட்களைக் கூட்டித் தருவதைப் பற்றிய அட்டையும் ஒன்று இருந்தது. அது வந்தது என் மாமனார் இறந்த வருடம். அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பொருந்தின ஒன்றை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், பொருந்தாததைப் புத்தகத்துக்குள் வைத்து மூடியிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் சான்றிதழை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. முந்தின அட்டைகளெல்லாம் பொய்யாகப் போகட்டும், இந்த ஒன்று மட்டும் பலித்துவிட்டால்? பயத்துக்கு எப்போதும் இன்னொரு கேள்வி மீதி இருக்கும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். காலையில் நேராக ஆலயத்துக்குப் போய்க் கோவில்பிள்ளையைப் பிடித்தேன். ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கிறவர் அவர்தான்.

"இந்த அட்டையெல்லாம் எங்கேருந்து வருது?"

"கடையில பாக்கெட்டு பாக்கெட்டா கிடைக்கும்லா. நம்ம சபைக்கு ஆறு பாக்கெட்டு வாங்கினேன்."

"எல்லா பாக்கெட்டிலயும் அதே வசனங்கதானா?"

"பின்னே? ஒவ்வொரு வீட்டுக்குன்னு தனித்தனியா அச்சடிப்பானா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்படியானால் பாக்கெட்டுக்கு ஒன்றாக என்னுடைய தண்ணீர் வசனம் இன்னும் ஐந்து வீடுகளில் இருக்கிறது. எனக்குப் புது ரத்தம் கிடைத்துவிட்டது. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், "புதுவருசத்துக்கு என்ன வசனம் கிடைச்சு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். ஜனவரி கடைசியில் இதைக் கேட்டு வருகிறவளை என்னவென்று நினைத்தார்களோ, காப்பி மட்டும் எல்லா வீட்டிலும் தந்தார்கள்.

மூன்று வீடுகளைக் கண்டுபிடித்தேன். முதல் வீட்டில் அந்த அட்டையை நம்பிக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். "தண்ணி கெடைக்கும்னு கர்த்தரே சொல்லியாச்சு" என்று வீட்டுக்காரி என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினாள். ஆளுயரத்துக்குத் தோண்டியிருந்தார்கள், அதுவரை மண் உலர்ந்துதான் இருந்தது. இரண்டாவது வீட்டில் அட்டை எங்கே என்றே தெரியவில்லை. அரைமணி நேரம் தேடிய பிறகு, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் மடித்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, ஐயையோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த வீட்டில் எல்லாரும் சுகமாகத்தான் இருந்தார்கள். மூன்றாவது வீட்டு அம்மாவுக்கு மகன் சவூதியில். "அவன் இருக்கப்பட்ட எடத்தில குடிக்கக்கூடத் தண்ணி கெடையாது. ஆனா கூட இருப்பேன்னு போட்டிருக்குல்லா. எனக்கு அது போதும்" என்றார். அவருக்கு வந்த அட்டையும் என் அட்டையும் ஒன்று. நான் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன்.

திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் அது அட்டையில் இல்லை என்று தெரிந்துவிட்டது.

மகள் அன்று மதியம் ஷிப்ட் முடிந்து வந்து சமையலறையில் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் பீரோவைத் திறந்து காகிதத்தை எடுத்து வந்து நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"பச்சைப் பட்டுக்கு அடியில இருந்துதா?" என்று கேட்டாள்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"செவ்வாய்க்கிழமை சாயந்தரமே பாத்தேன். சேலைக்குக் குத்துற பின் எடுக்கதுக்குப் பீரோவத் தொறந்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "எதுக்கும்மா இப்படிச் செய்தியோ?"

சொன்னேன். அட்டை, குழாய், மீன்காரம்மா, சாய்ந்த கப்பல், எல்லாவற்றையும். அவள் பிரிட்ஜின் மேல் இருந்த அட்டையை ஒரு முறை படித்தாள். "இதுக்குப் பதிலா வேற வசனம் வந்திருந்தா விட்டிருப்பியளா?"

பொய் சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். "இல்ல மக்ளே. மலையப் பத்தி வந்திருந்தாலும் கப்பல் போய் அதில முட்டும்னு சொல்லியிருப்பேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. கையில் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"நீ செவ்வாய்க்கிழமையே பாத்திட்டேன்னா, பின்னே ஏன் எடுக்கல்ல?" என்று கேட்டேன்.

"நீங்களா எடுத்துத் தந்தா போலாம், நல்லபடியா இருக்கும். தரலேன்னா போவாண்டாம். அப்படி நெனச்சு வச்சிருந்தேன்." தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. எனக்கு நீந்தத் தெரியாதுல்லா."

என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. நான் அட்டையை வைத்துச் செய்ததை இவள் என்னை வைத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். மூன்று நாள் இந்தப் பிள்ளை என் முகத்தை ஒரு வசனத்தைப் போலப் படித்துக்கொண்டு, கேட்காமல், எடுக்காமல் காத்திருந்திருக்கிறது. நான் லீவு போடாமல் இருந்திருந்தால், அல்லது மூன்றாவது வீட்டில் காப்பி குடிக்க உட்காராமல் போயிருந்தால், தண்ணீர் பக்கத்திலேயே வராமல் அவளை நான் முக்கியிருப்பேன்.

நான் அந்தச் சான்றிதழை மேசையில் வைத்தேன். "இது நான் தந்ததுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. ஒளிச்சதுக்கும் கெடையாது. நான் கிறுக்கியாக்கும், அவ்வளவுதான். இத விட்டுட்டுச் சொல்லு. உனக்குப் போணுமா?"

குக்கர் ஆறிக்கொண்டிருந்தது.

"போணும்" என்றாள்.

"பயத்தோடயா?"

"பயத்தோடதான். ஆனா போணும்."

"அப்ப மொதல்ல நீந்தப் படி" என்றேன். அதுவரை எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. முங்குவதைப் பற்றி இரண்டு வாரம் யோசித்த வீட்டில் நீந்துவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கப்பலேற எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றாள். நாகர்கோவிலில் எங்கே நீச்சல் கற்றுத்தருகிறார்கள் என்று அப்போதே போனில் தேடத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை இரணியல் ஸ்டேஷனில் நானும் அவரும் அவளை ஏற்றிவிட்டோம். "குழித்துறை தாண்டினதும் போன்ல விளிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழித்துறை தாண்டியிருக்க வேண்டிய நேரம் வந்தது. அவள் விளிக்கவில்லை. நாங்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்திருந்தோம். நான் போன் அடித்தேன். மூன்றாவது மணி போனது. ஐந்தாவது மணியில், அவளுடைய அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அந்த அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

போனைத் துண்டித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வேறு எதையும் சேர்க்காமல் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எப்போது கறுத்ததோ, நான் பார்க்கவே இல்லை.

"நீங்கதான் படுத்ததும் உறங்கிருவியளே?"

"எங்க உறங்க? அவ கப்பல்னு சொன்ன நாள்லேருந்து உறக்கமில்ல. நானும் முழிச்சுக் கெடந்தா நீ இன்னும் பயப்படுவேன்னு செவுரு பாத்துத் திரும்பிக் கெடந்தேன்."

என் கையில் போன் அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதற்குக் கை நீட்டினோம்.